மோர்க்கட்சியும் ஓம் கட்சியும்

சரித்திரம் படிப்பிப்பது ஆபத்தில்லாத தொழில் என்று நினைக்கிறவர்கள் அதை ஒருநாளும் படிப்பித்துப் பார்க்காதவர்கள். செத்து முந்நூறு வருசத்துக்கு மேலான மன்னர்களைப் பற்றிக் கதைத்தாலும், முன்வரிசையில் உயிரோடு இருக்கிற யாருக்காவது கோபம் வந்துவிடும். வளர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்து வயிறெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அவர்கள் இதை வாசித்து ஆறுதல் அடையட்டும்.

நான் டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கம், வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கான மாலைப் பள்ளி ஒன்றில் சரித்திரம் படிப்பிக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பிராண்டேயில் இருந்தும் கோல்டிங்கில் இருந்தும் காரில் வந்து சேரலாம், அவ்வளவு தெரிந்தால் போதும். போன வருசம் பள்ளிக்காரர் தமிழிலேயே ஒரு வகுப்பு நடத்தச் சம்மதித்தார்கள். ஞாயிறு பின்னேரம், எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மண்டபத்தில். பாடம், பிரிட்டனில் முதல் அரசியல் கட்சிகள் எப்படிப் பிறந்தன, மன்னருடைய அதிகாரம் எப்படிக் குறைந்தது என்பது. ஏன் பிரிட்டன் என்று கேட்காதீர்கள். இங்கே இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் லண்டனில் ஒரு மச்சான் இருக்கிறான். அவன் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் பிரிட்டிஷ் ஜனநாயகத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுக்கிறான். ஒருமுறையாவது அவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டாமா?

விக்குகளும் லொறிகளும்

அந்தக் கட்சிகளில் ஒன்றின் பெயர் விக். மற்றதை யாழ்ப்பாணத்தார் நாங்கள் ரோரி என்று எழுதுவோம், தமிழ்நாட்டார் டோரி என்பார்கள். அறிவித்தலில் ‘விக்குகளும் ரோரிகளும்’ என்று தலைப்புப் போட்டுச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். செயலாளர் எங்கள் சங்கத் தலைவருடைய சொந்தத் தம்பி. கெட்டவர் இல்லை. ஆனால் தனக்குத் தெரியாத சொல் எல்லாம் எழுத்துப்பிழை என்று நினைக்கிற ஆள். ரோரி என்று ஒரு சொல் உலகத்தில் கிடையாது என்று தானே முடிவெடுத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ‘விக்குகளும் லொறிகளும்’ என்று திருத்தி எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பிவிட்டார்.

முதல் ஞாயிறு மண்டபம் நிரம்பியிருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேருக்குச் சரித்திரத்தில் ஆசையா என்று பூரித்துப்போய் நின்றேன். பிறகுதான் விளங்கியது, ஆண்களில் பாதிப்பேர் கனரக வாகன லைசென்ஸ் எடுக்க வழி கேட்க வந்திருக்கிறார்கள். பெண்களில் சிலர் தலைக்கு வைக்கிற விக் எங்கே மலிவு என்று அறிய வந்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இது லொறியும் இல்லை, தலைமயிரும் இல்லை, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து, விருப்பமில்லாதவர்கள் எழும்பிப் போகலாம் என்று சொன்னேன். நிறையப் பேர் உண்மையாகவே எழும்பிப் போனார்கள். களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிற வேலையை விட்டு லொறி ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்த ராசன் அண்ணை மட்டும் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “வேனை நிப்பாட்டியாச்சு, கோப்பியும் குடிச்சாச்சு. சொல்லுங்கோ ரீச்சர், ஆர் அந்த மன்னன்?”

அண்ணைக்குப் பிறகு தம்பி

அந்த மன்னன் இரண்டாம் சார்ள்ஸ். சட்டப்படி அவனுக்குப் பிள்ளை இல்லை. சட்டத்துக்கு வெளியே நிறைய. ஆகவே அவனுக்குப் பிறகு முடி தம்பிக்குப் போக வேண்டும். தம்பியோ கத்தோலிக்கன், நாட்டவர்கள் பெரும்பாலும் புரட்டஸ்தாந்துகள். தம்பி வரக்கூடாது என்று பாராளுமன்றத்தில் ஒரு பகுதியார் சட்டம் கொண்டுவந்தார்கள். பிறப்புரிமையில் கை வைக்க நீங்கள் யார் என்று மற்றப் பகுதியார் எதிர்த்தார்கள். மன்னன் என்ன செய்தான்? பாராளுமன்றத்தைக் கலைத்தான். திரும்பக் கூட்டினான், அதே கதை, திரும்பக் கலைத்தான். கடைசியில் பாராளுமன்றமே வேண்டாம் என்று விட்டுவிட்டான். அந்தச் சண்டையில்தான் இரண்டு கட்சிகளும் பிறந்தன: தம்பி வரக்கூடாது என்றவர்கள் விக்குகள், வரட்டும் என்றவர்கள் ரோரிகள்.

இதை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போக, வகுப்பில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே எங்கள் தலைவர் இருந்தார். சங்கம் தொடங்கிய நாளில் இருந்து தலைவர் அவர்தான். மண்டபச் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும். ஆனால் நன்றி மறக்கக் கூடாது. வந்த புதிதில் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கந்தோரிலும் மொழிபெயர்க்க ஓடித்திரிந்தவரும் அவர்தான். பக்கத்தில் அவருடைய தம்பி. வரப்போகிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தான் விலகித் தம்பியைத் தலைவராக்கத் தலைவர் முடிவெடுத்திருக்கிறார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அதை அன்றைக்கும் ஒருவரும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “ரீச்சர், அந்த மன்னன்ர பக்கத்து நியாயத்தையும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

நல்ல மன்னர்கள்

அந்த வாரமே மாலைப் பள்ளிப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். டேனிஷ்காரர், மென்மையான மனிதர், கோபம் வந்தாலும் மெழுகுதிரி கொளுத்திவைத்துக் கதைக்கிறவர். என் வகுப்பு அரசியல் பேசுகிறது என்று சங்கத்தில் இருந்து முறைப்பாடு வந்திருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு, தன்னுடைய யோசனையையும் சொன்னார். இலங்கைச் சமையல் வகுப்பு ஒன்று வைத்தால் உடனே நிரம்பும், எனக்கும் அது இயல்பாக வரும், பிரிட்டிஷ் மன்னர்களை ஏன் நான் கட்டி அழ வேண்டும்?

இயல்பாக வரும் என்ற சொல்லில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது. சரித்திரம் படித்துப் பட்டம் எடுத்தவள் நான். என் கத்தரிக்காய்க் குழம்பை என் வீட்டில் உள்ளவர்களே சாப்பிட மாட்டார்கள். அவருக்கு ஒரு பாடம் எடுத்தேன். இங்கிலாந்துக்காரர் மன்னனின் கையைக் கட்டச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், டென்மார்க்காரராகிய நீங்கள் முழு அதிகாரத்தையும் தாம்பாளத்தில் வைத்து உங்கள் மன்னனிடம் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய இருநூறு வருசம் வாய் பேசாமல் இருந்தீர்கள். ஆகவே இந்தப் பாடம் உங்களுக்கும் பிரயோசனப்படும் என்றேன். அவர் மெழுகுதிரியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு வகுப்பை நடத்துங்கள் என்று அனுமதி தந்துவிட்டு, என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுச் சொன்னார்: “ஆனால் எங்கள் மன்னர்கள் நல்லவர்களாக இருந்தார்களே.”

புளிச்ச மோர்

கட்சிகளின் பெயர் பற்றிய பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டும் எதிரி வைத்த வசவுப் பெயர்கள். ரோரி என்றால் அயர்லாந்தில் சேற்று நிலங்களுக்குள் ஒளிந்து திரிந்த கொள்ளைக்காரன். விக் என்பது ஸ்கொட்லாந்தில் மாடு சாய்த்து ஓட்டுகிறவர்களைக் குறித்தது என்பார்கள். இல்லை, அது புளித்த மோருக்குப் பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு. திட்டுவதற்கு வைத்த பெயரை ஆட்கள் தாங்களே தூக்கிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அன்றைக்குப் பார்த்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற வசந்தி அக்கா, கடையில் விற்கிற டேனிஷ் மோரில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப்போட்டு, எல்லோருக்கும் கரைத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லோர் கையிலும் குவளை. கதவடியில் நின்று பார்த்த தலைவர், ‘மோர்க் கோஷ்டி’ என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் முடிவதற்குள் அந்தப் பெயர் ஊர் முழுக்கப் போய்விட்டது.

வகுப்பில் சிலருக்குக் கோபம். எனக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோசம். ஏன் என்று சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்குள் எதிர்த்துக் கதைக்கிறவனுக்கு நெடுங்காலம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. துரோகி. அந்தச் சொல் விழுந்தால் அந்த மனிதனோடு யாரும் கதைக்க மாட்டார்கள், அவன் வீட்டுச் செத்த வீட்டுக்கும் போக மாட்டார்கள். அதைவிடப் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. அந்தச் சொல் இல்லாமல் எங்களால் ஒருவரோடு ஒருவர் முரண்பட முடியுமா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. லண்டன் மச்சான் வெறும் சாட்டு, வெளியே சொல்ல ஒரு காரணம். இந்த வகுப்பையே அதற்காகத்தான் தொடங்கினேன். மோர் என்று திட்டினால் ஒருவனும் சாக மாட்டான். ராசன் அண்ணைக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். குவளையைக் காலி பண்ணிவிட்டுச் சொன்னார்: “நல்ல பெயர்தானே. புளிச்சாலும் உடம்புக்கு நல்லது.”

ஆமென்

பதிலுக்கு மோர்க்காரர் சும்மா இருப்பார்களா? தலைவர் எது சொன்னாலும் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறவர்களுக்கு ‘ஓம் கட்சி’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் ஆம் என்பதற்கு ஓம் என்று சொல்லுவோம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தலைவருடைய நெருங்கிய நண்பர் யோவான் அண்ணை பெந்தெகொஸ்தே சபைக்காரர். காற்றாலைத் தொழிற்சாலையில் இறக்கை செய்கிறவர். தலைவருக்காக உயிரையும் கொடுப்பார். அவருக்கு இந்தப் பெயர் கோயில் மந்திரமாகக் கேட்டுவிட்டது.

சனிக்கிழமை கடையில், பேக்கரித் தட்டில் நான் பாண் எடுத்துக்கொண்டு நிற்க, சாமான் வண்டிலைக் குறுக்கே விட்டு மறித்தார். இந்தக் கட்சிப் பெயர் எல்லாம் என் வகுப்பில் இருந்து கிளம்பியது, ஆகவே நான்தான் பொறுப்பு என்றார். பெயரை நான் வைக்கவில்லை என்று சொன்னேன். படிப்பித்தது நீங்கள்தானே என்றார். சபையில் தான் எப்படி முகம் கொடுப்பது, போதகர் கேட்டால் என்ன சொல்வது என்று குமுறினார். எனக்கும் பொறுமை போய்விட்டது. அப்படியென்றால் தலைவர் சொல்வதற்கெல்லாம் ஓம் சொல்வதை நிறுத்துங்கள், பெயரும் தானாக நின்றுவிடும் என்றேன். அது நடக்காத காரியம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சமாதானத்துக்கு வந்தார்: “பெயர் வைக்கத்தான் வேணுமெண்டால் ஆமென் கட்சி எண்டு வையுங்கோ ரீச்சர். கருத்து ஒண்டுதான்.”

பொதுக்கூட்டம்

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் எழும்பித் தம்பியின் பெயரைச் சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டல் வரும். கைதட்டலுக்கு முந்தி ராசன் அண்ணை கையைத் தூக்கி, வேறு யாராவது போட்டியிடலாமா என்று கேட்டார். சங்க யாப்பில், அதாவது எங்கள் சட்டதிட்டத்தில், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. அதோடு நிற்காமல் அவர் வசந்தி அக்காவின் பெயரையும் முன்மொழிந்தார். அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பிக் கத்தத் தொடங்கினார்கள். பிள்ளைகள் டேனிஷில், வீட்டுக்குப் போவோம் அம்மா என்று இழுத்தார்கள்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருசமாகத் தமையன் கட்டிய சங்கத்தை உடைக்க வந்த துரோகிகள் என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார். கத்திக்கொண்டு நின்றவர்கள் அப்படியே கதிரைகளில் இருந்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். இனி இந்த ஊரில் இரண்டு பொங்கல், இரண்டு கிறிஸ்மஸ், வீதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற வாழ்க்கை. அப்போது வசந்தி அக்கா, ஒருநாளும் பெரிதாகக் கதைக்காதவர், இருந்த இடத்தில் இருந்தே சொன்னார்: “தம்பி, மோர் எண்டு சொல்லுங்கோ. அது எங்களுக்குப் பழகீட்டுது.”

கலைந்த கூட்டம்

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு தம்பியின் மனைவியே சிரித்தார். தம்பி ஒலிவாங்கியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்பைக் கேட்ட நிமிடம் எனக்கு என் தொழில் மேல் ஒரு மரியாதை வந்தது, அதை ஒளிக்க மாட்டேன். தலைவருக்கோ அதைத் தாங்க முடியவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனால் மண்டபம் பூட்டு. மழை. வாகனத் தரிப்பிடத்தில் ராசன் அண்ணையின் வேனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்து, ஒரு மன்னன் கூட்டத்தைக் கலைத்தால் மக்கள் என்ன செய்யலாம் என்று படிப்பித்தேன். அன்றைக்குப்போல ஒருநாளும் என் வகுப்பு கவனமாகக் கேட்டதில்லை.

டென்மார்க்கில் சங்கம் என்றால் யாப்புப்படி நடக்க வேண்டும், மண்டபம் நகரசபையுடையது, தலைவருடைய வரவேற்பறை இல்லை. உறுப்பினர்கள் கேட்டுக் கூட்டம் திரும்பவும் கூடியது. வாக்கெடுப்பு. வசந்தி அக்கா வென்றார், அதுவும் மயிரிழையில். யோவான் அண்ணை கடைசி நேரத்தில் கட்சி மாறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நட்பைவிடவா மோர் பெரிது என்று ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: “மோரில சாமி பெயர் இல்லைத்தானே.”

ஒற்றுமை

வசந்தி அக்கா தலைவரான பிறகு வந்த முதல் ஞாயிறு, நான் புதுப் பாடத்தோடு போனேன். இதே விக்குகள், ஒருகாலத்தில் மன்னனுக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்காகக் கத்தியவர்கள், ஆட்சி தங்கள் கைக்கு வந்ததும், மூன்று வருசத்துக்கு ஒருமுறை வைக்க வேண்டிய தேர்தலை ஏழு வருசத்துக்கு ஒருமுறை என்று தள்ளிவைத்துக்கொண்டார்கள். அதுதான் அன்றைய பாடம். மண்டபம் திறந்திருந்தது, ஆனால் கதிரைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வசந்தி அக்கா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மோர் இல்லை. தேத்தண்ணி தந்தார். ஊரில் மனஸ்தாபம் ஆறவில்லை என்றார். இந்த வகுப்பால்தான் இவ்வளவும் வந்தது என்று இரண்டு பக்கத்தாரும் சொல்கிறார்கள், ஆகவே வகுப்பை நிறுத்துவோம் என்றார். நல்ல மனுசி. கண் கலங்கித்தான் சொன்னார்.

எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல இருந்தது. நீங்கள் இந்தக் கதிரைக்கு வந்ததே அந்த வகுப்பால்தானே, எதிர்த்துக் கேட்க உங்களுக்கு வாய் தந்தது அதுதானே, இப்போது கதவைச் சாத்துகிறீர்களே என்று கேட்டும்விட்டேன். தலைவர் சாவியைக் கொண்டு ஓடியபோது வந்த ஆத்திரம் ஒன்றுமே இல்லை, இந்த ஆத்திரம் வேறு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “பிழையா நினைக்காதேங்கோ ரீச்சர். இப்பதானே எல்லாரும் ஒற்றுமையா இருக்கிறம், இனி என்னத்துக்கு ரெண்டு பக்கம்?”

தோற்றவர் வீடு

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமல் அப்படியே இருந்தேன். சமையல் வகுப்பே எடுத்திருக்கலாம் என்றுகூட யோசனை வந்தது, அவ்வளவு வெறுத்துப்போயிருந்தேன். அப்போதுதான் பழைய தலைவர் தொலைபேசியில் வந்தார். திட்டுவதற்கு என்றுதான் நினைத்தேன், நானும் பதிலுக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. வகுப்பை நிறுத்தியது அநியாயம் என்றார். பேச்சுரிமை என்றார். சங்கம் ஒருவருடைய சொத்தா என்று கேட்டார். இதையெல்லாம் சாவி வைத்திருந்த அதே வாயால் கேட்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று நான் கேட்டேன். இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, தன்னுடைய வீட்டு வரவேற்பறை பெரிது, வகுப்பை அங்கே வைக்கலாம் என்றார்.

போனேன். ராசன் அண்ணையும் வந்தார், பழைய எதிரியின் வீட்டு வாசலில் எந்தப் பக்கம் காலணி விடுவது என்று தடுமாறிக்கொண்டு. ரோரிக்கு லொறி என்று போட்ட தம்பி கதிரை தூக்கிவைத்து, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். பழைய தலைவர் முன்வரிசையில் இருக்கவில்லை, பின்னால் ஒரு மூலையில் இருந்தார். நான் பாடத்தைத் தொடங்க வாய் திறந்தபோது, பள்ளிப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக் கேட்டார்: “ரீச்சர், தோத்த பக்கத்துக்கு என்ன உரிமை எண்டு அந்தக் காலத்தில ஏதும் வச்சிருந்தவையோ? இருந்தால் அதில இருந்து துவங்குங்கோ.”

பதவியில் இருக்கிற ஒருவருக்கும் பிடிக்காத பாடத்தைப் படிப்பிக்கிறவளுக்கு மாணவர்கள் மட்டும் ஒருநாளும் குறைய மாட்டார்கள், ஒவ்வொருவராகத் தோற்றுத் தோற்று வந்து சேருவார்கள்.